செயின் இருக்கிற பக்கம்

அதுவா சார்? அது விக்கிறதுக்கு இல்ல. மத்தது எது வேணும்னாலும் கேளுங்க. இந்தச் சிவப்பு இத்தாலி வண்டி, அந்த நீலம், கீழ கழட்டிப் போட்டிருக்கேன் பாருங்க பச்சை பிரேம், எல்லாம் விலைக்குத்தான். வெள்ளையை மட்டும் விட்டுடுங்க.

பெங்களூர்லேருந்து அதுக்காகவேவா வந்தீங்க? போன்ல கேட்டிருந்தா போன்லயே சொல்லியிருப்பேனே. சரி, வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுக்குக் கால் ஆடும். ஊரு சைக்கிளையெல்லாம் நேராக்கறவன் வீட்டு ஸ்டூலுக்கு ஒரு ஆணி அடிக்க மாட்டானான்னு எங்க வீட்ல கேட்டுகினே இருக்காங்க. இப்படி பெஞ்சுக்கு வாங்க.

என்ன கேட்டீங்க? செயின் பக்கம் ஏன் செவுத்தைப் பாத்து மாட்டியிருக்கேன்னா? நீங்க விவரமான ஆளுதான். ரேஸ் சைக்கிளை எவனும் அப்படி மாட்ட மாட்டான். கியரும் செயினும் தெரியற பக்கம்தான் அழகு, அதைத்தான் வெளிய காட்டுவாங்க. எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா இதே தொழில். சொல்றேன். டீ வரட்டும்.

பாருங்க, இந்த ஊரை விட்டா எனக்கு இந்தத் தொழிலே கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்துல வேலை பாத்தவங்களை இங்க சொல்தாம்பாங்க. நெல்லித்தோப்பு, முத்தியால்பேட்டைன்னு தெருவுக்கு ஒரு சொல்தா வீடாவது இருக்கும். லீவுல வரும்போது சென்ட் பாட்டில் கொண்டாருவாங்க, சட்டைத் துணி கொண்டாருவாங்க, சில பேரு ரேஸ் சைக்கிளும் கொண்டாந்தாங்க. வளைஞ்ச ஹேண்டில்பாரு, விரல் தடிமனுக்கு டயரு. ரெண்டு வருஷம் ஓட்டுவாங்க. அப்புறம் டயர் கிடைக்காது, பரண்ல ஏத்திடுவாங்க. அந்தப் பரணுங்கதான் சார் எனக்குச் சோறு போட்டுது. எந்த வீட்டுப் பரண்ல என்ன வண்டி இருக்குன்னு எனக்கு மனப்பாடம். வீட்டுப் பெரியவரு போயிட்டாருன்னா முப்பதாம் நாள் பூசை முடியற வரைக்கும் அந்தத் தெருப் பக்கம் தலை காட்ட மாட்டேன். முடிஞ்சதும் போய் நிப்பேன். எனக்கும் ஒரு முறை இருக்குது.

வாங்கினதை முழுசா வித்தா ஒருத்தர்தான் வாங்குவாரு, அவரும் ஆறு மாசம் யோசிப்பாரு. உடைச்சு வித்தா உடனே போகும். உடைக்கிறதுன்னா தனித்தனியா கழட்டி விக்கிறது. கியர் ஒருத்தருக்கு, பிரேக் ஒருத்தருக்கு, பெடல் கட்டை ஒருத்தருக்கு. அவங்க அவங்க வண்டியில எது இல்லையோ அது. இதுல பாவம் ஒண்ணும் இல்ல. ஒரு வண்டி செத்து நாலு வண்டி பொழைக்குதுன்னு நான் சொல்லுவேன். நீங்க சிரிக்கிறீங்க. எல்லாரும் இதுக்குச் சிரிப்பாங்க.

அந்த வெள்ளை எங்க அண்ணன் வண்டி. லியோன்னு பேரு. என்னை விடப் பத்து வயசு பெரியவரு, மில்லுல பிட்டரா இருந்தாரு. எங்க மாமா ஒருத்தர் சொல்தா. எழுபத்தியாறுல லீவுல வந்தப்ப அண்ணனுக்குன்னே பெஜோன்னு பிரெஞ்சு கம்பெனி ரேஸ் வண்டி ஒண்ணு கொண்டாந்து குடுத்தாரு. வெள்ளை பிரேம், பைப்பு சேர்ற இடத்துல மட்டும் கருப்பு. ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரங்க தேசிய நாளு, அதுக்கு அப்பல்லாம் இங்கேருந்து திண்டிவனம் போய்த் திரும்பற பந்தயம் ஒண்ணு வெப்பாங்க. மூணு வருஷம் அண்ணன்தான் முதல். நான் சின்னப் பையன். முந்தின நாள் சாயங்காலம் வண்டியைத் தொடைக்கிறது என் வேலை. ஸ்போக் ஸ்போக்கா தொடைப்பேன். அண்ணன் வந்து பாக்கக்கூட மாட்டாரு. "சவரி தொடைச்சிருந்தா நான் கண்ணை மூடிகினு ஏறுவேன்"னு எல்லார் எதிர்லயும் சொல்லுவாரு. எனக்குச் சாப்பாடே இறங்காது, அவ்வளவு பெருமையா இருக்கும்.

நாலாவது வருஷம் கிளியனூர் திருப்பத்துல ஒரு மாட்டு வண்டி குறுக்க வந்து விழுந்துட்டாரு. இடது முழங்கை உடைஞ்சுது. அந்தக் கை அதுக்கப்புறம் முழுசா நிமிரவே இல்ல. விழுந்த வேகத்துல ஹேண்டில்பார் சுத்திகினு வந்து மேல் பைப்புல அடிச்சு ஒரு டொக்கு விழுந்துபோச்சு. கட்டை விரல் வெச்சா பொருந்தும், அந்த அளவு. பந்தயம் அதோட போச்சு. ஆனா வண்டியை விடல. முப்பது வருஷத்துக்கு மேல அதுலதான் மில்லுக்குப் போனாரு. டொக்கை எடுத்துடறேன் அண்ணேன்னு நான் எத்தனையோ வாட்டி கேட்டிருக்கேன். "அது இருக்கட்டும்டா. நான் விழுந்தது எனக்கு ஞாபகம் இருக்கட்டும்"னுடுவாரு.

ரிட்டயராகி அவரும் அண்ணியும் பிரான்சுக்குப் போனாங்க. பொண்ணு கிறிஸ்தீனைக் கட்டிக் குடுத்த இடம். இனிமே அங்கதான்னு பேச்சு. போற அன்னைக்கு வண்டியைத் தள்ளிகினு இங்க வந்தாரு. இதோ, நீங்க செருப்பு விட்டிருக்கீங்களே, அந்த இடத்துல நின்னுகினு "பாத்துக்கடா"ன்னாரு. வேற ஒரு வார்த்தை சொல்லல. நீங்களே சொல்லுங்க சார், விக்காதேன்னு சொன்னாரா? திரும்பி வருவேன்னு சொன்னாரா? கடல் காத்து அடிக்கிற ஊரு. சும்மா தொங்கவிட்டா உப்பு ஏறித் துருவாயிடும். நான் பாத்துக்கலேன்னா எவன் பாத்திருப்பான்?

நாலு வருஷம் தொடாமதான் வெச்சிருந்தேன். அதையும் சொல்லணும்ல. அப்புறம் பூனாவுலேருந்து ஒருத்தர் வந்தாரு. அவரு வண்டிக்குப் பின் கியர் மட்டும் இல்லையாம், அண்ணன் வண்டியில இருந்ததுதான் வேணுமாம். கையைப் பிடிச்சுகினு கெஞ்சறாரு. ஒரு கியர்தானேன்னு கழட்டிக் குடுத்தேன், வேற ஒண்ணு வரும்போது போட்டுக்கலாம்னு. கியர் இல்லாத வண்டிக்கு பிரேக் எதுக்கு? அடுத்த மாசம் அது போச்சு. அப்புறம் பெடல் கட்டை, சக்கரம். தோல் சீட்டு உங்க ஊரு டாக்டர் ஒருத்தருக்கு. கடைசியா பிரேம் மட்டும் எலும்புக்கூடு மாதிரி தொங்கினு இருந்துது. அதை மெட்ராஸ் புரோக்கர் ஒருத்தன் ஜப்பான்காரனுக்குன்னு எடுத்துகினு போனான். பணமுடையால வித்தேன்னு சொன்னா நீங்க மன்னிச்சிடுவீங்க. அப்படி ஒண்ணும் இல்ல. கேட்டாங்க, குடுத்தேன். கை அப்படிப் பழகிப்போச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு கோயிலை விட்டு வெளிய வரேன், போன். அண்ணன். "சவரி, நாங்க வந்துடறோம்டா. இந்தக் குளிரு எனக்கு ஆகல. மூணு மாசத்துல வந்துடுவோம். வண்டி எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்குண்ணே"ன்னேன்.

வாயில வந்துடுச்சு சார். நான் யோசிச்சுச் சொல்லல. அன்னைக்கே வித்துட்டேன்னு சொல்லியிருந்தா திட்டியிருப்பாரு, ஒரு வாரம் பேசாம இருந்திருப்பாரு. அதோட முடிஞ்சிருக்கும்.

அந்த மூணு மாசம் நான் அலைஞ்ச அலைச்சல் இருக்கே, சொந்தப் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட அப்படி அலையல. அதே வருஷத்து கியர் காரைக்கால்ல ஒரு வீட்ல கிடைச்சுது. பிரேக்குக்கு மாகி வரைக்கும் போனேன். சக்கரத்து ரிம் ஒண்ணு கோவாவுலேருந்து வந்துது. ஹேண்டில்பாரைத் தாங்கற தண்டு இங்கிலீஷ் அளவுல வந்துது, பிரெஞ்சு வண்டிக்கு நூல் அளவு தடிமன் ஜாஸ்தி. ரெண்டு நாள் அரம் போட்டுத் தேய்ச்சு நுழைச்சேன். பிரேம் கல்கத்தாவுலேருந்து ரயில் பார்சல்ல. அதே மாடல், அதே வெள்ளை. ஒரு பொருள்கூட வருஷம் தப்பாது சார். நீங்க இறக்கிப் பாருங்க, ஒரு குறை சொல்ல முடியாது.

சீட்டுதான் கஷ்டம். உங்களுக்குத் தெரியும், தோல் சீட்டு ஓட்டறவன் உடம்புக்கு ஏத்த மாதிரி பள்ளம் வாங்கிக்கும். ஒருத்தன் பத்து வருஷம் உக்காந்த சீட்டுல இன்னொருத்தன் பத்து நிமிஷம் உக்கார முடியாது. அந்த டாக்டருக்கு நாலு வாட்டி போன் போட்டேன். கண்ணாடி அலமாரியில வெச்சிருக்கேன், தர முடியாதுன்னுட்டாரு. சரின்னு அதே கம்பெனி சீட்டு வேற ஒண்ணு பிடிச்சேன். எவனோ ஓட்டினது. ஈரத்துணி சுத்தி, மரச்சுத்தியால தட்டித் தட்டி, எண்ணெய் போட்டு, பாக்கறதுக்கு அச்சா அதே மாதிரி ஆக்கிட்டேன்.

மிச்சம் டொக்கு. கல்கத்தா பிரேம்ல ஒரு கீறல் கிடையாது. பழைய பிரேமைப் படம் எடுத்து வெச்சிருந்த போன் மழைத் தண்ணி கடைக்குள்ள வந்தப்பவே போச்சு. எந்தப் பக்கம்னு யோசிக்கிறேன், வர மாட்டேங்குது. பத்து வயசுலேருந்து தொடைச்ச வண்டி, நாலு வருஷம் என் தலைக்கு மேல தொங்கின வண்டி. கையை வெச்சா பொருந்தும்னு ஞாபகம் இருக்கு, எந்தப் பக்கம்னு இல்ல. அப்புறம் அண்ணன் முழங்கை ஞாபகம் வந்துது. இடது கை உடைஞ்சுதுன்னா இடது பக்கம்தானே விழுந்திருப்பாரு? அப்ப டொக்கும் இடது பக்கம். பின்கட்டுல பிரேமை வெச்சு, கோணித் துணி போட்டு, உருண்டைத் தலைச் சுத்தியால ஒரே போடு. அட சார், நசுங்கினதைச் சரி பண்ணியே வயசாயிடுச்சு எனக்கு. நல்லா இருந்ததை அடிச்சு நசுக்கினது அன்னைக்குத்தான். பெயின்டைச் சுரண்டி, உப்புத் தண்ணி தொட்டு வெச்சேன். பத்து நாள்ல பழைய துரு மாதிரியே வந்துடுச்சு. கட்டை விரல் வெச்சுப் பாத்தேன். பொருந்துது.

வந்து இறங்கின மறுநாள் காலையில வண்டியை அவங்க வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினேன். அண்ணன் காப்பி டம்ளரோட வெளிய வந்தாரு. இளைச்சுப்போயிருந்தாரு. வண்டியைச் சுத்தி ஒரு வாட்டி வந்தாரு. இன்னொரு வாட்டி வந்தாரு. அந்த டொக்குல கட்டை விரலை வெச்சாரு, எடுக்கவே இல்ல. அப்புறம் என்னைப் பாத்தாரு.

"நல்லா வெச்சிருக்கடா. ரொம்ப அலைஞ்சிருப்ப"ன்னாரு.

எனக்கு உசுரு திரும்பி வந்துது. ஏமாந்துட்டாருன்னு நெனச்சேன். வெக்கமா இருக்கு இப்ப சொல்ல, அன்னைக்கு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமைகூட. முப்பது வருஷத்துக்கு மேல அதுல ஏறி இறங்கின மனுஷனே கண்டுபிடிக்கல, அப்ப என் வேலை எப்படின்னு பாத்துக்கோங்கன்னு.

தினமும் காலையில அதுலதான் கடற்கரைக்குப் போவாரு. ஒரு நாள் அண்ணி சொன்னாங்க, சீட்டு மேல துண்டை நாலா மடிச்சுப் போட்டுகினுதான் ஓட்டறாரு, தொடையெல்லாம் கன்னிப்போய் ராத்திரியில எண்ணெய் போடறேன்னு. வயசாயிடுச்சு அண்ணி, சதை வத்திப்போச்சு, அதான் குத்துதுன்னு சொன்னேன். வேற மெத்தைச் சீட்டு போட்டுத் தரேன்னு சொன்னேன். "வேணாம், சவரி மாட்டிக் குடுத்ததை மாத்தாதே"ன்னு அண்ணன் உள்ளேருந்து சொன்னாரு. எனக்கு அது பாசமாத்தான் பட்டுது.

எனக்கு அவர் மேல ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிடறேன். முன்னல்லாம் சாயங்காலம் ஆனா கடைக்கு வந்துடுவாரு. இந்த பெஞ்சுதான். திரும்பி வந்தப்புறம் ஒரு நாள்கூட வரல. நான்தான் வீட்டுக்குப் போவேன். போனா காப்பி உண்டு, பேச்சு கிடையாது. பந்தயக் கதையை எடுத்தா வேற பக்கம் திருப்பிடுவாரு. பிரான்சுக்குப் போனா எல்லாரும் இப்படித்தான் ஆயிடறாங்க, குளிரு மனசுக்குள்ள ஏறிடுதுன்னு எங்க வீட்ல சொல்லி வருத்தப்பட்டிருக்கேன்.

ஒரு தடவை மாத்திரம் அவரே கடற்கரைக்குக் கூப்பிட்டாரு. ரெண்டு பேரும் கட்டைச் செவுத்துல உக்காந்திருக்கோம். வண்டியைப் பக்கத்துல சாத்தி வெச்சிருந்தாரு. "டேய் சவரி, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"ன்னு கேட்டாரு. கோவமா கேக்கல. நான் சின்னதுல பள்ளிக்கூடத்துல அடி வாங்கிட்டு வந்தா கேப்பாரே, அந்தக் குரல்ல.

"ஒண்ணும் இல்லியேண்ணே"ன்னேன்.

"சரி"ன்னாரு. வண்டியை எடுத்துகினு, ஏறாம தள்ளிகினே வீட்டுக்குப் போனாரு. டயர்ல காத்து இல்லைபோலன்னு நெனச்சேன். மறுநாள் போய் அழுத்திப் பாத்தேன், காத்து சரியாத்தான் இருந்துது.

அடுத்த மழைக்காலத்துல போயிட்டாரு. நெஞ்சுவலி, காலையில எழுந்துக்கவே இல்ல. அடக்கத்தன்னைக்கு நடந்தது எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. யாரோ என் கையைப் பிடிச்சுகினு நடத்திட்டுப் போனாங்க.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கு வந்தோம். சாப்பாடெல்லாம் ஆனதும் அண்ணி வண்டியைத் தள்ளிகினு வந்து எங்கிட்ட நிறுத்தினாங்க. "இது சவரிகிட்டதான் போகணும்னு சொல்லி வெச்சிருந்தாரு. பாவம், எனக்காக ஊரெல்லாம் அலைஞ்சு சேத்தான், வேற யாருக்கும் குடுத்துடாதேன்னாரு." நான் எங்கேயும் அலைஞ்சேன்னு அவருகிட்ட சொன்னதே இல்ல. சந்தையில எவனாவது உளறியிருப்பான்னு நெனச்சேன். உளறியே இருந்தாலும் பாதிதான் தெரிஞ்சிருக்கும், ஒண்ணு ரெண்டு பார்ட்ஸ் மாத்தினேன்னுதான் நெனச்சிருப்பாருன்னு எனக்கு நானே சொல்லிகினு வண்டியைத் தொட்டேன்.

நிமிந்து பாத்தா எதிர் செவுத்துல படம். மாலை போட்டு மாட்டியிருந்தாங்க. மூணாவது தடவை ஜெயிச்சப்ப எடுத்த படம் வேற, அது எனக்குத் தெரியும். இது நான் பாக்காத படம். விழுந்து எழுந்தப்புறம், கையில கட்டோட, வண்டியைப் பிடிச்சுகினு ஸ்டுடியோவுல நிக்கிறாரு. இது எங்க இருந்துது அண்ணின்னு கேட்டேன். "படுக்கிற ரூம்ல, கட்டிலுக்கு எதிர்லதான். பிரான்சுலயும் இப்படித்தான் மாட்டியிருந்தாரு. எழுந்ததும் முதல்ல அதைத்தான் பாப்பாரு"ன்னாங்க.

படத்துல டொக்கு நல்லாத் தெரியுது சார். வலது பக்கம்.

ஸ்டுடியோக்காரன் பிலிமைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருப்பான்னு நெனச்சேன். அந்தக் காலத்துல அப்படி நடக்கும். கைக்கட்டைப் பாத்தேன், இடது கையிலதான் இருந்துது. மனசு கேக்கல. கிட்டப் போய் மூக்கு உரசற மாதிரி நின்னு பாத்தேன். அண்ணிக்கு நான் அழறேன்னு நெனப்பு, முதுகைத் தடவிக் குடுக்கறாங்க. டொக்குக்குக் கீழயே பல் சக்கரம், செயின். ரெண்டும் ஒரே பக்கம். பிலிமை எப்படித் திருப்பிப் போட்டாலும் டொக்கும் செயினும் சேந்துதான் திரும்பும். உலகத்துல எந்த சைக்கிளுக்கும் செயின் வலது பக்கம்தான். நான் அடிச்சது இந்த இடது பக்கம்.

அப்ப முதல் நாளே தெரிஞ்சிருக்கு. காப்பி டம்ளரோட ரெண்டு சுத்து வந்தாரே, அப்பவே. அந்த டொக்குல விரலை வெச்சது பொருந்துதான்னு பாக்க இல்ல. தம்பி எனக்காக எங்க அடிச்சிருக்கான்னு பாத்திருக்காரு. பாத்துட்டு, நல்லா வெச்சிருக்கடான்னாரு. அந்தச் சீட்டுல ஒரு வருஷம் உக்காந்தாரு.

டீ ஆறிடுச்சு, குடிங்க. வெள்ளைக்கு நீங்க எவ்வளவு சொன்னாலும் நான் தர மாட்டேன். உடைக்கவும் மாட்டேன். செயின் பக்கத்தைச் செவுத்துக்குக் குடுத்துட்டு, நான் அடிச்ச பக்கத்தை எம் பக்கம் வெச்சிருக்கேன். இந்த பெஞ்சுல உக்காந்தா நேரா அதுதான் தெரியும். சாயங்காலம் ஆனா கொஞ்ச நேரம் அண்ணன் உக்காந்த இடத்தை விட்டுத் தள்ளி உக்காந்துப்பேன்.

இப்ப கேட்டாருன்னா சொல்லிடுவேன் சார்.